செப்டிக் டேங்க் குழியில் சிப்பி கிடைத்தால் அங்கே கடல் இருந்ததா?

ஜூன் 2, மாலை. கேள்வி

எங்கள் வீடு ஆரம்பாக்கம் தாண்டித் தடா போகிற வழியில். பழவேற்காடு ஏரிக்கரை இங்கிருந்து கிழக்கே ஒன்றரை கிலோமீட்டர். போன வாரம் செப்டிக் டேங்குக்கு ஜேசிபி வைத்துத் தோண்டினோம். ஆறடிக்குக் கீழே மண்ணைவிடச் சிப்பிதான் அதிகம். ஆக ஒரு காலத்தில் எங்கள் வாசல்வரை கடல் இருந்தது நிரூபணம். எதிர்வீட்டுக்காரர் சுனாமி என்கிறார். மேஸ்திரி குமரிக்கண்டம் என்கிறார். நான் கடல் என்கிறேன். சரிதானே டீச்சர்?

ஜூன் 2, இரவு. டீச்சரின் பதில்

நிரூபணம் என்ற சொல்லைக் கொஞ்ச நாளைக்குப் பூட்டி வையுங்கள் தம்பி. சிப்பி என்றால் எந்தச் சிப்பி? ஒற்றை ஓடா, இரண்டும் சேர்ந்து மூடியபடியா? கவிழ்ந்து கிடந்ததா, மல்லாந்து கிடந்ததா? படம் போடுங்கள். அளவு தெரியப் பக்கத்தில் ஒரு பேனா வையுங்கள். கையை வைக்க வேண்டாம், உங்கள் கை எவ்வளவு பெரிது என்று எனக்குத் தெரியாது.

மேஸ்திரியிடம் குமரிக்கண்டம் தெற்கே என்று சொல்லுங்கள். நாம் இருப்பது ஆந்திர எல்லையில்.

ஜூன் 3, காலை

படம் பார்த்தேன். நீளமாக, கனமாக, அகப்பை மாதிரி ஒரு பக்கம் குழிந்த ஓடு. இது ஆளி. எங்கள் பள்ளியில் தெலுங்குப் பிள்ளைகள் ஆல்சிப்ப என்பார்கள்.

என் தாத்தா பழவேற்காட்டில் சுண்ணாம்புக்காகக் கிளிஞ்சல் சுட்டவர். காளவாயில் ஒரு அடுக்கு கரி, ஒரு அடுக்கு கிளிஞ்சல். சுட்டதை நீற்றி, சலித்து, மூட்டை கட்டிப் பொன்னேரிக்கு அனுப்புவார். ஏரியில் உயிரோடு பொறுக்கிய கிளிஞ்சல் வேறு, சேற்றுக்கு அடியிலிருந்து வாரிய பழைய கிளிஞ்சல் வேறு என்று அவருக்குப் பார்த்தவுடன் தெரியும். புதுசு சுடும்போது நாறும், பழசு நாறாது. விலங்கியல் படிக்கப் போனபிறகுதான் அந்த நாற்றத்துக்குக் காரணம் ஓட்டில் ஒட்டியிருந்த சதையும் ஓட்டுக்குள் இருக்கும் புரதமும் என்று எனக்கு விளங்கியது.

சரி, உங்கள் கேள்விக்கு. இந்த வகை ஆளி இன்று எங்கே வாழ்கிறது? முகத்துவாரத்திலும் கழிமுகத்திலும் காயலிலும். ஆற்றுத் தண்ணீரும் கடல் தண்ணீரும் கலக்கிற இடம். அலை அடிக்கிற திறந்த கடற்கரையில் இப்படி மேடு மேடாக வளராது. எனவே உங்கள் வீட்டடியில் இருந்தது கடல் அல்ல, ஏரி. பழவேற்காடு ஏரி முன்பு இன்னும் மேற்கே விரிந்திருக்கிறது, அவ்வளவுதான். இன்று உயிரோடு இருப்பதைப் பார்த்து நேற்றுச் செத்ததைப் படிப்பது. நிலவியலுக்கு இது பழைய பழக்கம். சார்லஸ் லயெல் 1830இல் வெளியிடத் தொடங்கிய மூன்று தொகுதி நிலவியல் நூலின் அடித்தளமே இதுதான்: இன்று நடக்கிற காரியங்களைக் கொண்டே பழையதை விளக்க முடியும்.

ஜூன் 3, மதியம்

காலையில் அவசரப்பட்டுவிட்டேன். கடற்கரைப் பாறையிலும் துறைமுகக் கல்லிலும் ஒட்டி வளரும் ஆளியும் உண்டு, அது வேறு இனம். உருவத்தை வைத்துப் பிரிக்கலாம் என்றால் ஆளி ஏமாற்றும். எதன்மேல் உட்கார்ந்ததோ அதன் வடிவத்தை எடுத்துக்கொள்ளும். நெருக்கத்தில் வளர்ந்தால் நீண்டு ஒல்லியாகும், தனியாக வளர்ந்தால் அகலமாகும். மூங்கில் கழியில் வளர்ந்த ஆளி கழியைக் கட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்திருக்கிறேன்.

ஓட்டின் உள்விளிம்பைத் தடவிப் பாருங்கள். பாறை ஆளிக்கு விளிம்பில் பொடிப் பற்கள் மாதிரி மேடு இருக்கும். காயல் ஆளிக்கு அது இல்லை, வழவழப்பு. காயல் ஆளியின் உள்ளே தசை ஒட்டியிருந்த இடம் கருநீலமாகவோ ஊதாவாகவோ இருக்கும், பழைய ஓட்டில் மட்டும் நிறம் மங்கியிருக்கலாம்.

ஜூன் 3, இரவு

வழவழப்பு என்கிறீர்கள். அப்பாடா.

ஜூன் 5

யோசித்தால் இன்னொரு சிக்கல். காயல் ஆளி எல்லாத் தண்ணீரையும் தாங்கும். எல்லாவற்றையும் தாங்குகிறவன் நல்ல சாட்சி இல்லை. "நான் எங்கேயும் இருப்பேன்" என்பவனிடம் "அன்று எங்கே இருந்தாய்" என்று கேட்டு என்ன பயன்?

நம் ஏரியே அப்படித்தான். ஐப்பசி கார்த்திகையில் ஆரணியாறும் காளங்கியும் பெருகி வந்தால் ஆற்று வாயில் தண்ணீர் கிட்டத்தட்ட நல்ல தண்ணீர். சித்திரை வைகாசியில் முகத்துவாரம் மணல் தூர்ந்துவிட்டால் ஓரத்தில் உப்புப் பூக்கும். கடல் தண்ணீரில் லிட்டருக்கு 35 கிராம் உப்பு. கோடையில் ஏரியின் வடகோடியில் அதைத் தாண்டிவிடும். ஒரே ஏரி, ஒரே வருடம், கடலைவிடக் குறைவும் கடலைவிட அதிகமும். அப்படியிருக்க, ஒரு ஓட்டைக் கையில் பிடித்து "உப்பு இவ்வளவு" என்று சொல்வது ஜோசியம்.

ஆனால் ஆளியின் மேல் ஒண்டிக் குடித்தனம் இருப்பவர்கள் இவ்வளவு பெருந்தன்மை உள்ளவர்கள் அல்ல. ஓட்டைத் துளைத்து உள்ளே வாழும் பஞ்சுயிரி ஒன்று இருக்கிறது. ஓடு முழுக்கப் பொட்டுப் பொட்டாகத் துளை போட்டு, உடைத்தால் உள்ளே தேன்கூடு மாதிரி இருக்கும். நல்ல தண்ணீர் அதிகம் கலக்கும் இடத்தில் அது தாக்குப்பிடிக்காது. துளை நிறைய இருந்தால் முகத்துவாரம் பக்கம், கடல் தண்ணீர் நன்றாக வந்து போன இடம். துளையே இல்லாவிட்டால் ஆற்று வாய்ப் பக்கம் என்று சந்தேகிக்கலாம். சந்தேகிக்க மட்டும்தான்.

அப்புறம் தனியாக, வட்டமாக, ஊசி போட்ட மாதிரி ஒரே ஒரு துளை இருந்தால் அது கொலை. சங்கு வகையில் சில, ஓட்டைத் துளைத்து உள்ளே இருப்பதைத் தின்னும். ஒரு குடும்பம் போடும் துளை வெளியே அகன்று உள்ளே குறுகிச் சரிவாக இருக்கும், இன்னொன்று நேராக இறங்கும். கொன்றவன் ஓடு கிடைக்காவிட்டாலும் கொன்றவன் யார் என்று ஓரளவு தெரியும். ஒன்பதாம் வகுப்பில் இதைச் சொன்னால் மட்டும் பிள்ளைகள் தூங்குவதில்லை.

ஜூன் 6

தம்பி, இன்று நீங்கள் போட்ட மூன்றாவது படத்தை முதல் நாளே போட்டிருக்கக் கூடாதா? சிப்பிக்கு நடுவில் கறுப்பாக இருப்பது கரி. அதற்குப் பக்கத்தில் வளைந்திருப்பது பானை ஓடு.

நான்கு நாளாக ஏரி, உப்பு, பஞ்சுயிரி என்று பேசிக்கொண்டிருக்கிறேன். உங்கள் சிப்பி யாரோ தின்று போட்டதாக இருக்கலாம். அல்லது யாரோ சுடுவதற்குக் குவித்ததாக இருக்கலாம். காளவாய்க்காரர் பேத்தி நான், எனக்கு இது முதலில் தோன்றவில்லை என்பது வெட்கம். பழவேற்காட்டில் டச்சுக்காரர்கள் 1613இல் கோட்டை கட்டினார்கள். அதற்கு முன்னும் பின்னும் எத்தனை வீடு, எத்தனை கோயில், எத்தனை வெற்றிலைப் பெட்டி. எல்லாவற்றுக்கும் சுண்ணாம்பு வேண்டும்.

மனிதன் குவித்ததா, தானாக வளர்ந்ததா என்று பிரிக்க வழி உண்டு. ஆளிக் குஞ்சு ஒட்டுவதற்குக் கெட்டியான இடம் தேடும். கிடைப்பது பெரும்பாலும் இன்னொரு ஆளியின் ஓடு. அதனால் உயிருள்ள திட்டில் பாட்டி மேல் அம்மா, அம்மா மேல் பிள்ளை என்று நகம் அளவிலிருந்து ஒரு சாண்வரை எல்லா வயதும் இருக்கும். மனிதன் பொறுக்கும்போது குஞ்சை எடுப்பதில்லை. எல்லாம் ஒரே பருமனாக இருந்தால் அது சமையல்கட்டு. ஓட்டின் ஓரத்தில் ஒரே இடத்தில் சிதைந்திருந்தால் கத்தி வைத்துத் திறந்தது.

குழியை மூடிவிட்டீர்களா?

ஜூன் 6, இரவு

மூடவில்லையாம். உறை வரத் தாமதமாம். வாழ்க்கையில் முதல்முறையாகச் சிமெண்ட் கடைக்காரர் தாமதித்ததற்கு நன்றி சொல்கிறேன். ஞாயிற்றுக்கிழமை வருகிறேன்.

ஜூன் 9

நேற்று போனேன். தம்பியின் அம்மா மோர் கொடுத்தார், ஏணி கொடுத்தார், "டீச்சரம்மா, செப்டிக் டேங்குக்குள்ளே இறங்கவா சூலூர்பேட்டையிலிருந்து வந்தீங்க" என்றும் கேட்டார். இன்னும் செப்டிக் ஆகவில்லை என்ற தைரியத்தில் இறங்கினேன்.

சுவரைக் கரண்டியால் சுரண்டிச் சுத்தம் செய்து பார்த்தால் அங்கே இரண்டு கதை. மேலே ஒரு முழத்துக்கு ஆளியும் கரியும் பானை ஓடும். எல்லாம் ஏறத்தாழ ஒரே பருமன், குஞ்சு இல்லை. அது மனிதன் போட்டது, சந்தேகமே இல்லை. தம்பி பார்த்த "கடல்" அதுதான். அதற்குக் கீழே ஒரு விரல் கனத்துக்கு மணல். மணலுக்குக் கீழே சாம்பல் நிறக் களிமண். யாரும் கவனிக்காத அந்தக் களிமண்ணில்தான் எனக்கு வேண்டியது இருந்தது.

மட்டி. இரண்டு ஓடும் சேர்ந்து மூடியபடி, செங்குத்தாக நின்றபடி.

இது ஏன் பெரிய விஷயம் என்று சொல்கிறேன். மட்டி உயிரோடிருக்கும்போது சேற்றுக்குள் கொஞ்சமாகப் புதைந்து, கால் கீழேயும் மூச்சுக்குழல் மேலேயுமாக நிற்கும். செத்தால் இரண்டு ஓட்டையும் பிடித்திருந்த தசை அழுகி, கீல் மட்டும் விரித்துத் தள்ளும். வாய் பிளந்து கிடக்கும். ஓர் அலை வந்தால் இரண்டும் பிரிந்து ஆளுக்கொரு பக்கம் போகும். கடற்கரையில் நீங்கள் மிதிக்கும் ஓடுகள் பெரும்பாலும் கவிழ்ந்து கிடக்கும். கவனித்துப் பாருங்கள். மல்லாந்த ஓட்டை அலை புரட்டிவிடும், கவிழ்ந்ததைப் புரட்டுவது கஷ்டம். ஆக ஜோடியாக, நின்றபடி இருந்தால் அது வாழ்ந்த இடத்திலேயே செத்தது. யாரும் கொண்டுவந்து போடவில்லை, சுனாமி அடித்துக் கொண்டுவரவில்லை, டச்சுக்காரர் தின்று துப்பவில்லை. எதிர்வீட்டுக்காரரிடம் சொல்லுங்கள்.

1928இல் ருடால்ஃப் ரிக்டர் என்ற ஜெர்மானியர் வில்ஹெல்ம்ஸ்ஹாஃபனில் வடகடல் ஓரத்துச் சேற்றுத் திட்டில் ஓர் ஆய்வு நிலையமே தொடங்கினார். உயிர்கள் எப்படிச் சாகின்றன, செத்தபின் எப்படிச் சிதைகின்றன, எப்படிப் புதைகின்றன என்று பார்ப்பதே அங்கே வேலை. வாழ்வதைப் பார்க்க ஆயிரம் பேர் இருக்கிறார்கள், சாவதைப் பொறுமையாகப் பார்க்க ஆள் குறைவு. ஆனால் மண்ணுக்குள் நமக்குக் கிடைப்பது வாழ்க்கை இல்லையே, சாவும் சாவுக்குப் பின் நடந்ததும்தான்.

காலம் எவ்வளவு என்று கேட்பீர்கள். சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன் பனியுகத்தின் உச்சத்தில் உலகம் முழுவதும் கடல்மட்டம் இன்றைவிட 120 மீட்டர் அளவுக்குத் தாழ்ந்திருந்தது. பனி உருகி ஏறி ஏறி, 6,000, 7,000 ஆண்டுகளுக்கு முன் இன்றைய மட்டத்துக்குப் பக்கத்தில் வந்தது. நம் கிழக்குக் கரையில் அப்போது இன்றைவிடக் கொஞ்சம் உயர்ந்தே இருந்ததற்கு அடையாளங்கள் உண்டு. உங்கள் களிமண் அதற்கு முந்தியதாக இருக்க வாய்ப்பு குறைவு. கோடி ஆண்டு இல்லை தம்பி, ஆயிரங்கள். புதைபடிவம் என்று சொல்வதற்கே கூச்சம், ஓடு இன்னும் ஓடாகவே இருக்கிறது. அரைப் புதைபடிவம் என்று வைத்துக்கொள்ளலாம்.

ஆக அங்கே தண்ணீர் இருந்தது என்ற அளவில் நீங்கள் சொன்னது பாதி சரி, மேலே கிடந்த ஆளியைக் காரணம் காட்டியது முழுத் தவறு.

ஜூன் 10

களிமண்ணில் தெரிந்த குழாய்களைப் பற்றிக் கேட்காமல் விட்டுவிடுவீர்கள் என்று நினைத்தேன். ஆமாம், களிமண்ணில் பெருவிரல் பருமனுக்கு மணல் அடைத்த குழாய்கள் இருந்தன. வேர் இல்லை. நண்டோ, சேற்றில் வளை தோண்டும் இறாலோ போட்டது. மேலிருந்து மணல் விழுந்து நிரம்பியிருக்கிறது.

இதில் எனக்கு ஒரு பழைய காயம். பல வருடம் முன்பு பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு பழவேற்காட்டுக் கடற்கரையில் வெளிர் நண்டு வளைக்குள் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் கரைத்து ஊற்றினேன். இறுகியபின் தோண்டி எடுத்தால் வளையின் உள்வடிவம் அப்படியே வரும். ஜே எழுத்து மாதிரி ஒன்று, ஒய் மாதிரி ஒன்று. பிள்ளைகளுக்குத் தலைகால் புரியவில்லை. பிளாஸ்டர் மூன்று மூட்டை, அறிவியல் ஆய்வகக் கணக்கில் வாங்கியது. அப்போது வேலை பார்த்த பள்ளியில் "நண்டுக்குக் கட்டுப் போட்டீர்களா" என்று கேட்டு, பணத்தைச் சம்பளத்தில் பிடித்தார்கள். அந்த ஜே இன்னும் என் வீட்டு டிவிமேல் இருக்கிறது.

ஆனால் இந்த வித்தை எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்று பாருங்கள். பாறைகளில் வெளிப்பக்கம் உருண்டை உருண்டையாக, சோளக்கதிர் மாதிரி மேடுதட்டிய குழாய்கள் உலகம் முழுக்கக் கிடைக்கும். 1964இல் வைமர், ஹோய்ட் என்ற இருவர் அமெரிக்காவின் ஜார்ஜியா கடற்கரையில் ஒரு வளை இறாலின் வளையைப் பார்த்தார்கள். சுவர் இடியாமலிருக்க அது சேற்று உருண்டைகளைப் பிடித்துப் பிடித்து அப்புகிறது. வெளிப்பக்கம் அதே சோளக்கதிர். ஒரு துண்டு ஓடுகூடக் கிடைக்காத பாறையில்கூட, இந்தக் குழாய் இருந்தால் கரையோர ஆழமற்ற கடல் என்று சந்தேகிக்க வழி கிடைத்தது.

நம் ஏரியில் பூநாரைகளும் அச்சு விடும். சேற்றில் நின்ற இடத்திலேயே சுற்றிச் சுற்றி மிதித்து மேய்ந்துவிட்டுப் போனால் நடுவில் மேடும் சுற்றி வட்டப் பள்ளமுமாக இருக்கும். தண்ணீர் வற்றியபின் பார்த்த என் மாணவன் "மேடம், யுஎஃப்ஓ" என்றான்.

ஜூன் 11

சுனாமிதான் என்று எதிர்வீட்டுக்காரர் நேரடியாகவே இந்த இழைக்கு வந்துவிட்டார். வாங்க அண்ணா. உங்கள் கட்சியில் பெரிய ஆட்கள் இருந்திருக்கிறார்கள். இத்தாலி மலைகளில் கிடைத்த சிப்பியெல்லாம் நோவா காலத்துப் பெருவெள்ளம் கொண்டுவந்தது என்று ஐரோப்பாவில் சொல்லிக்கொண்டிருந்தபோது லியோனார்டோ டா வின்சி கணக்குப் போட்டார். சிப்பிப்பூச்சி ஊர்ந்து போகும் வேகம் உயிருள்ளதைப் பார்த்தால் தெரியும். வெள்ளம் இருந்தது 40 நாள். ஏட்ரியாட்டிக் கடலிலிருந்து மோன்ஃபெராத்தோவரை 250 மைலை அது 40 நாளில் எப்படி நடந்து போயிருக்கும்? அலை சுமந்தது என்றால் செத்த ஓடுகளாகக் கலைந்து வந்திருக்கும், ஜோடியும் குடும்பமுமாக எப்படி இருக்கும்?

500 வருடத்துக்கு முந்திய பதில். இன்றைக்கும் உங்களுக்குச் சரியாகப் பொருந்துகிறது.

மணல் அடுக்கு ஒரு விரல் கனம் இருக்கிறதே, அது என்ன என்றும் கேட்டிருக்கிறீர்கள். நல்ல கேள்வி. புயலாக இருக்கலாம், காற்றடித்த மணலாக இருக்கலாம். அதை வைத்துச் சுனாமி என்று சொல்ல என்னால் முடியாது, இல்லை என்றும் சொல்லமாட்டேன்.

ஜூன் 14

சத்தியவேடு பக்கத்திலிருந்து ஒருவர் இழையைத் திசைதிருப்புகிறார், வரவேற்கிறேன். மலையோரத்தில் அவருக்குக் கிடைத்த கல்லில் சீப்பு மாதிரி இலை அச்சு. திருமலை மலையில் அவர் பார்த்த பெரித்தா செடியின் இலை மாதிரியே இருக்கிறதாம். அப்படியானால் அன்றும் இன்றைய திருமலை மாதிரி வறண்ட மலைக்காடு என்று சொல்லலாமா என்கிறார்.

இங்கேதான் நான் படிக்கும்போது விழுந்த குழி. அந்தச் செடி சைகஸ் பெட்டோமி. சேஷாசலம் மலைத்தொடரையும் அதை ஒட்டிய பகுதியையும் விட்டால் வேறெங்கும் இயற்கையாக இல்லை. வெயிலும் காட்டுத்தீயும் பழகிய செடி. ஸ்ரீபெரும்புதூர், சத்தியவேடு வட்டாரத்துக் கல்லில் வருவது டைலோஃபில்லம் என்ற இலைப் படிவம். கிரெட்டேசியஸ் காலத்தின் முற்பகுதி, 10 கோடி ஆண்டுக்கும் முந்தியது. பக்கத்தில் வைத்தால் அக்கா தங்கை என்பீர்கள். நானும் அப்படித்தான் பதிவேட்டில் எழுதி, வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

அக்கா தங்கை இல்லை. இலையின் மேல்தோலை நுண்ணோக்கியில் பார்த்தால் வேறு. 1913இல் தாமஸ், பேன்கிராஃப்ட் இருவரும் இப்படிச் சீப்பிலைகளின் தோலை எடுத்துப் பார்த்து இரண்டு கூட்டம் இருப்பதைக் காட்டினார்கள். ஒன்றில் இலைத்துளையைக் காக்கும் செல்லும் அதன் பக்கத்துச் செல்லும் ஒரே தாய்ச்செல்லில் பிறந்த அமைப்பு. சைகஸில் அப்படி இல்லை. டைலோஃபில்லம் முதல் கூட்டம், பென்னெட்டிட்டேல்ஸ் என்ற செடிக்குலம். இந்தியத் தொல்தாவரவியலாளர் பீர்பல் சாஹ்னி 1932இல் ராஜ்மஹால் மலைக் கல்லாகிப்போன தண்டு ஒன்றை வைத்து முழுச் செடியையும் வரைந்து காட்டினார். கட்டையான அடிமரம், உச்சியில் இந்த இலைக் கொத்து, பூ மாதிரி இனப்பெருக்க உறுப்பு. இந்தக் குலமே இன்று பூண்டோடு இல்லை. உயிரோடு இருக்கும் ஒருவரிடமும் விசாரிக்க முடியாது.

அதே ஸ்ரீபெரும்புதூர்ப் படிவங்களில், சுருண்ட ஓட்டோடு கடலில் வாழ்ந்து அழிந்துபோன அம்மோனைட்டும் வருகிறது. ஆகவே கரையோரம், ஆறு இலையைக் கொண்டுவந்து கடலோரச் சேற்றில் போட்ட இடம். திருமலைச் சரிவை அங்கே கொண்டுபோய் வைத்தால் படம் தலைகீழாகும். முகச்சாயலை வைத்து உறவு சொல்லாதீர்கள், உறவை வைத்து வீடு எங்கே என்றும் சொல்லாதீர்கள்.

ஆனாலும் இலைகளை மொத்தமாகத் தூக்கிப் போட வேண்டாம். பெயிலி, சின்னட் என்ற இருவர் 1915இல் கண்டது: ஓர் ஊரின் மரவகைகளில் ஓரம் வழுவழுப்பான இலை உள்ளவை எத்தனை பங்கு என்று எண்ணினால், அந்தப் பங்கு வெப்பமான ஊரில் அதிகம், குளிர்ந்த ஊரில் ரம்பப்பல் இலை அதிகம். நம் புங்கன், ஆல், புன்னை, மா, எல்லாம் வழுவழு. வேம்பு பல்லைக் காட்டுகிறது, இருந்துவிட்டுப் போகட்டும், கணக்கு மொத்தத்துக்குத்தான். இது பூக்கும் மரங்களுக்கு மட்டும். டைலோஃபில்லத்திடம் இந்தக் கணக்கு செல்லாது.

ஜூன் 15

"அப்படியென்றால் இன்று உயிரோடிருப்பதை வைத்துப் பழையதைப் படிக்கிற இந்த முறையே டுபாக்கூரா?" என்று தம்பி கேட்கிறார். கேட்பீர்கள் என்று தெரியும்.

முகவரி மாறும் என்பதை ஒத்துக்கொள்கிறேன். 1938இல் தென்னாப்பிரிக்கக் கரையில் வலையில் வந்த சீலகாந்த் மீனை மார்ஜொரி கோர்ட்னி லாட்டிமர் அடையாளம் கண்டு எடுத்துவைத்தார். டைனோசர்களோடு போய்விட்டது என்று நினைத்த கூட்டம். உயிரோடிருப்பது வாழ்வது 100 மீட்டருக்கும் கீழே, கடல்பாறைக் குகை. அதன் பழைய உறவினர்களோ ஆழமற்ற கடலிலும் ஆற்றிலும் ஏரியிலும் வாழ்ந்தவர்கள். மிஞ்சியவரை வைத்து மொத்தக் குடும்பத்தின் முகவரியை எழுதினால் தப்பு. காம்பு உள்ள கடல் அல்லி, பெயர்தான் அல்லி, அது விலங்கு, அதுவும் அப்படித்தான். இன்று ஆழத்தில், அன்று கரையோர ஆழமற்ற கடலிலும் தோட்டம் தோட்டமாக.

ஆனால் உடம்பு செய்கிற வேலை இவ்வளவு எளிதில் மாறுவதில்லை. பவளம் தினமும் ஒரு மெல்லிய கோடு போட்டு வளர்கிறது. இன்றைய பவளத்தில் ஒரு வருடப் பட்டைக்குள் ஏறத்தாழ 360 கோடு. 1963இல் ஜான் வெல்ஸ் டெவோனியன் காலப் பவளத்தில், அதாவது 38 கோடி ஆண்டு அளவுக்கு முந்தியதில், எண்ணினார். 400க்குப் பக்கத்தில் வந்தது. வருடத்துக்கு 400 நாள்! பூமி அப்போது வேகமாகச் சுற்றியது, ஒரு நாளுக்கு 22 மணிநேரம்தான். நிலவின் ஈர்ப்பு கடலை இழுத்து இழுத்துப் பூமியின் சுழற்சிக்குப் பிரேக் போடுகிறது என்று வானியலார் கணக்கில் சொன்னதை ஒரு செத்த பவளம் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தது.

இந்த ஒரு விஷயத்தை மட்டும் நினைத்துக்கொண்டு மூன்று நாள் சந்தோஷமாக இருக்கலாம். நான் இருந்திருக்கிறேன்.

ஜூன் 16

"தினமும் ஒரு கோடு என்று யார் பார்த்தது" என்று கேட்டிருக்கிறார் சத்தியவேட்டுக்காரர். சரியான இடத்தில் கை வைத்தீர்கள். வெல்ஸ் அதை அனுமானமாகவே வைத்தார். சிப்பி, பவளம் எல்லாவற்றிலும் புயல், பட்டினி, நோய் வந்தால் கோடு விடுபடும், கூடுதலாகவும் விழும். ஏப்ரல் மாதப் பள்ளி வருகைப் பதிவேடு மாதிரி.

ஜூன் 21

இரண்டு நாளாக ஒரு விஷயம் மனதில். தம்பியின் களிமண்ணில் நின்ற மட்டிகளைப் பார்த்தபின் நேற்று மாலை ஏரிக்கரைக்குப் போனேன். சின்ன வயதில் முட்டியளவு தண்ணீரில் காலால் துழாவினாலே கால்விரலில் மட்டி இடறிய இடம். ஒரு மணிநேரம் துழாவினேன். செத்த ஓடு கூடை கூடையாக. உயிரோடு ஒன்றிரண்டு.

கொலராடோ ஆறு மெக்சிகோவில் கடலில் சேரும் டெல்டாவில் இதே காட்சி. கரை முழுக்க வெள்ளை ஓட்டு மேடு. அமெரிக்கா மேலே அணைகளைக் கட்டி, ஆற்றுத் தண்ணீர் கடலுக்கு வருவதே ஏறக்குறைய நின்றுவிட்டது. ஹூவர் அணை 1935. கொவலெவ்ஸ்கியும் கூட்டாளிகளும் அந்த ஓடுகளைக் கணக்கிட்டு 2000இல் எழுதினார்கள்: கடந்த ஆயிரம் ஆண்டில் சேர்ந்தது குறைந்தது 2 லட்சம் கோடி ஓடு. அந்த ஓடுகளில் பெரும்பங்கு ஒரே மட்டி இனம். ஆற்றுத் தண்ணீர் கலந்தால் மட்டுமே செழிக்கும். இன்று உயிரோடு கண்ணில் படுவதே அரிது. செத்ததைக் கொண்டு உயிரோடிருந்ததை எண்ணுவது. நாம் இவ்வளவு நாள் பேசியதற்கு நேர் எதிர்த்திசை. உயிருள்ள கூட்டமும் செத்த ஓட்டுக் கூட்டமும் ஒத்துப்போகாத இடத்தில் பெரும்பாலும் மனிதன் கை இருக்கிறது என்று 2007இல் சூசன் கிட்வெல் பல இடங்களின் கணக்கை வைத்துக் காட்டினார்.

நம் ஏரியில் அப்படி என்று சொல்ல எனக்கு ஆசைதான். ஆனால் நானே என்னைத் திருத்திக்கொள்கிறேன். கரையில் கிடக்கும் ஓட்டில் போன வருடத்தது, தாத்தா காலத்தது, டச்சுக்காரர் காலத்தது எல்லாம் கலந்திருக்கும். நூறு வருடத்துக் குவியலை ஒரு மணிநேரத் துழாவலோடு ஒப்பிட்டால் எந்த ஏரியும் செத்த ஏரியாகத் தெரியும். தவிர, என் கால்விரலுக்கும் வயதாகிவிட்டது.

ஜூன் 22

தாத்தா ஏரியடிக் கிளிஞ்சலை வாரி வாரிச் சுட்டார் என்று முதலில் பெருமையாக எழுதினேன். அதாவது யாராவது படித்திருக்கக்கூடிய பக்கங்களை மூட்டை கட்டிப் பொன்னேரிக்கு அனுப்பினார். எங்கள் வீட்டுச் சுவரிலும் அது இருக்கிறது.

ஜூன் 28

தம்பி தொலைபேசியில் சொன்னது, அவர் சோம்பேறி, நானே எழுதுகிறேன்.

உறை இறக்கியாகிவிட்டது. களிமண் முழுவதும் வளையத்துக்குப் பின்னால் போய்விட்டது, இனி யாரும் பார்க்க முடியாது. நின்ற மட்டி நாற்பதை ஆழம் குறித்து, எது மேற்பக்கம் என்று பேனாவால் அம்பு போட்டு, செய்தித்தாளில் சுற்றி அட்டைப்பெட்டியில் என்னிடம் கொடுத்திருக்கிறார். கரித் துண்டு தனியாகப் பிளாஸ்டிக் டப்பாவில். என்றைக்காவது யாராவது கார்பன் காலக்கணிப்புக்கு எடுத்துக்கொண்டால் இரண்டையும் சேர்த்துத் தர வேண்டும். கடல் தண்ணீரில் பழைய கார்பன் கலந்திருப்பதால் சிப்பி ஓடு தன் வயதைச் சில நூறு வருடம் கூட்டியே சொல்லும், கரி அப்படிச் சொல்லாது. காயலில் அந்தக் கூட்டல் எவ்வளவு என்பது இன்னும் குழப்பம்.

ஜேசிபி வாரிப் போட்ட மிச்ச ஆளியையெல்லாம் அவர் அம்மா தென்னங்கன்றுகளுக்கு நல்லது என்று தோப்பு முழுக்கக் குழி வெட்டிப் போட்டு மண் தள்ளிவிட்டாராம். குழிக்குக் குழி ஒரு கூடை, பழைய பானை ஓடும் கரியும் சேர்த்து, மேலே போன வாரத்துக் கருவாட்டு முள்ளோடு.

தம்பி, தோப்பின் படம் ஒன்றை வரைந்து தேதி போட்டுப் பீரோவில் வையுங்கள்.